2.33 மில்லிமீட்டர்: ஒரு தப்பான அளவு நூறு வருஷம் ஓடிய கதை

இந்த எபிசோடுல ஒரு சின்ன எண்ணைப் பத்திப் பேசப் போறோம். 2.33 மில்லிமீட்டர். ஒரு அரிசியோட அகலத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிரிட்டனில் மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் இந்த 2.33 மில்லிமீட்டருக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். புத்தம் புது இன்ஜினை வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்த கையோடு அதன் சக்கரங்களைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

கேட்கிறதுக்குக் கிறுக்குத்தனமா இருக்கும். ஆனா உள்ள போனா, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பிரச்சினை அங்க உட்கார்ந்திருக்கு. அடித்தளத்துல ஒரு அளவு தப்பாப் போயிடுச்சு. அதுக்கு மேல எல்லாரும் வீடு கட்டிட்டாங்க. இப்ப என்ன பண்றது? சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்க இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. ரயில்காரங்க இதை நமக்கு ரொம்ப முன்னாடியே கேட்டுட்டாங்க. நிஜ ரயில்காரங்களும் சரி, பொம்மை ரயில்காரங்களும் சரி.

ஏழு அங்குலம் எங்கே போச்சு?

முதல்ல ரெண்டு வார்த்தையைப் பிரிச்சு வச்சுக்குவோம். ஒண்ணு ஸ்கேல்: நிஜ ரயிலை எத்தனை மடங்கு சின்னதாக்குகிறோம் என்பது. இன்னொண்ணு கேஜ்: இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மடங்கில் சுருங்க வேண்டும். பெட்டியை 87 மடங்கு சுருக்கினால் பாதையையும் 87 மடங்கு சுருக்கணும். கணக்கு அவ்வளவுதான்.

1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் பொம்மை ரயில்களுக்கு எண் போட்ட கேஜ்களைக் கொண்டுவந்தது. எண் பெருசானால் ரயிலும் பெருசு. பிறகு ஒன்றுக்கும் கீழே சின்னதாக ஒன்று வந்தபோது அதற்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்தார்கள். 32 மில்லிமீட்டர் பாதை. அதையும் பாதியாக்கியபோது ‘அரைப் பூஜ்யம்’. ஜெர்மன் மொழியில் ‘ஹால்ப் நுல்’. அதுதான் இன்று உலகம் முழுக்க எச்.ஓ. என்று சொல்லப்படுவது. பாதை 16.5 மில்லிமீட்டர். நிஜத்தில் ஒரு அடி என்பது மாடலில் 3.5 மில்லிமீட்டர். அதாவது 87-இல் ஒரு பங்கு. ஐரோப்பாவின் பெரும்பகுதி, அமெரிக்கா, பிரிட்டன் என்று பரவலாக ஓடும் ஸ்டாண்டர்ட் கேஜ் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. கச்சிதமான பொருத்தம்.

பிரிட்டனில்தான் இடித்தது. ரயிலைக் கண்டுபிடித்த நாடு என்பதால் அங்கே பாலங்களும் சுரங்கங்களும் ரொம்ப முன்னாடியே கட்டப்பட்டுவிட்டன, சின்னதாக. அவற்றுக்குள் நுழைய வேண்டியதால் பிரிட்டிஷ் ரயில் பெட்டி சுமார் 9 அடி அகலம்தான். தண்டவாளம் அதே அகலம், ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டி ஜெர்மனியில் இருப்பதை விட ஒல்லி, குள்ளம். இந்த ஒல்லி இன்ஜினை 3.5 மில்லிமீட்டர் கணக்கில் சுருக்கினால் அகலம் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஸ்பிரிங்கோ மோட்டாரோ வைக்க வேண்டும். அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. பொம்மைச் சக்கரங்கள் நிஜத்தை விடத் தடிமன். பல நீராவி இன்ஜின்களில் சக்கரங்களுக்கு வெளியேதான் தண்டுகள் ஓடும். தடித்த சக்கரம், அதற்கு வெளியே தண்டு, அதற்கு வெளியே சிலிண்டர் என்று அடுக்கினால் அவை உடம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்போது ஒரு சமரசம் பிறந்தது. பாதையைத் தொடாதே, 16.5-ஆகவே இருக்கட்டும். மேலே இருக்கும் உடம்பை மட்டும் கொஞ்சம் பெருசாக்கு. ஒரு அடிக்கு 3.5-க்குப் பதில் 4 மில்லிமீட்டர். 76-இல் ஒரு பங்கு. இப்போது இன்ஜினின் அகலம் 36 மில்லிமீட்டர். மோட்டார் உள்ளே போனது, தண்டுகளுக்கும் இடம் கிடைத்தது. பிரச்சினை தீர்ந்தது. இதற்கு ‘டபுள் ஓ’ என்று பெயர்.

ஆனா பாதையோட கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர்னா, 16.5 மில்லிமீட்டர் எத்தனை அடி? 4 அடி 1½ அங்குலம். நிஜத்துல இருக்க வேண்டியது 4 அடி 8½ அங்குலம். ஏழு அங்குலம் காணோம். மாடல்ல இருந்திருக்க வேண்டிய அளவு 18.83 மில்லிமீட்டர், இருக்கிறது 16.5. வித்தியாசம் 2.33. நம்ம கதாநாயகன் இவர்தான்.

இன்ஜினை நேர் எதிரே நின்று பார்த்தால் இது கண்ணில் படும். பெரிய உடம்பு, நெருக்கமான கால்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியவே தெரியாது. அதனால்தான் டபுள் ஓ மாடல்கள் எல்லாம் விளம்பரத்தில் பக்கவாட்டில் அவ்வளவு அழகாக இருக்கின்றன.

தற்காலிகம் நிரந்தரமானது எப்படி

1922-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த பிங் நிறுவனம் சாப்பாட்டு மேஜை மீது வைத்து ஓட்டக்கூடிய ஒரு குட்டி ரயிலைத் தயாரித்தது. பிரிட்டனில் அதை விற்றவர் நார்தாம்டனைச் சேர்ந்த பாசெட்-லோக். அதுவரை பொம்மை ரயில் என்றால் பெரிய வீடும் காலியான அறையும் வேண்டும். இப்போது மேஜை போதும். அந்தக் குட்டி அளவு பிரிட்டனில் கால் ஊன்றியது அங்கிருந்துதான்.

1938-இல் ஹார்ன்பி டப்ளோ வந்தது. பெயரிலேயே ‘டபுள் ஓ’ ஒளிந்திருக்கிறது. உலோக வார்ப்பில் செய்த உடம்பு, மின்சார மோட்டார். போர் முடிந்து 1950களில் டிரை-ஆங் நிறுவனம் பிளாஸ்டிக்கில் மலிவாகச் செய்து விற்க ஆரம்பித்தது. டிரை-ஆங்கின் தாய் நிறுவனம் 1964-இல் ஹார்ன்பியையும் விழுங்கியது. முதலாளி மாறினார், பொருள் மாறியது, மூன்று தண்டவாளம் இரண்டு தண்டவாளம் ஆனது. 16.5 மட்டும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? மோட்டார்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. சமரசத்துக்கான காரணம் ஒரு கட்டத்தில் காணாமலே போய்விட்டது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளில் 16.5 பாதை கிடந்தது. ஒரு அப்பா மகனுக்கு வாங்கிக் கொடுத்த பாதை, அந்த மகன் அடுத்த பிறந்தநாளுக்குக் கேட்கும் இன்ஜின் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. சரியான அளவில் ஒரு இன்ஜின் செய்து விற்றால் அது யார் வீட்டிலும் ஓடாது. எந்த முதலாளி செய்வார்?

இன்னொரு விஷயத்தையும் நேர்மையா சொல்லிடணும். தப்பான அளவுக்கு ஒரு லாபமும் இருந்தது. ஹார்ன்பியின் வழக்கமான வளைவு ஒன்றின் ஆரம் 438 மில்லிமீட்டர். நிஜ அளவுக்கு மாற்றினால் 33 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸ் ரயிலும் அப்படிப்பட்ட வளைவில் திரும்ப முடியாது. மாடல் திரும்புகிறது. ஏனென்றால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியிருப்பதால் பக்கவாட்டில் அசைய இடம் இருக்கிறது. சக்கரங்களைச் சரியான இடத்துக்கு வெளியே தள்ளினால் அந்த இடம் போய்விடும், வளைவுகள் பெரிதாக வேண்டும், அறை பெரிதாக வேண்டும். சின்ன வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முழு ரயில்வேயை ஓட்ட முடிந்ததற்கு அந்த 2.33 மில்லிமீட்டரும் ஒரு காரணம்.

சரி செய்யக் கிளம்பியவர்கள்

1930களின் கடைசியிலும் 40களிலும் சிலர் பொறுமை இழந்தார்கள். முழுசா 18.83 வேண்டாம், கிட்டத்தட்டவாவது வரட்டும் என்று 18 மில்லிமீட்டரில் பாதை போட்டார்கள். பதினெட்டு மில்லிமீட்டர் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக அதற்கு ‘இ.எம்.’ என்று பெயர். பின்னாளில் அதை 18.2 ஆக்கினார்கள். 1955-இல் இ.எம். கேஜுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

பீட்டர் டென்னி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1940களில் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் கட்டிய ‘பக்கிங்ஹாம்’ என்ற மாடல் ரயில்வே இ.எம்.மின் ஆரம்பகால சாதனைகளில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் ரோய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் 1954-இல் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகம் இன்னொன்று. 1920, 30களின் ஆங்கில கிராமங்களை ஓட்டுக்கூரை, தோட்டம், ஜன்னல் வரை அளந்து செய்த இடம். அங்கே ஓடும் ரயில்களுக்கு 18 மில்லிமீட்டர் பாதை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 1940களில் சரியான அளவுக்கு மாறுவது அவ்வளவு செலவு இல்லை. ஏன்னா கடையில வாங்கறதுக்கே ஒண்ணும் இல்லை. போர்க்காலம், அதற்குப் பின் தட்டுப்பாடு. தண்டவாளத்தையும் பெட்டியையும் எப்படியும் நீங்களே தகரத்திலும் அட்டையிலும் செய்யத்தான் வேண்டும். 16.5-இல் செய்தாலும் 18-இல் செய்தாலும் ஒரே உழைப்பு. கடையில் ரெடிமேடாக நல்ல பொருள் வர வரத்தான் ‘சரியாகச் செய்வது’ கூடுதல் செலவானது. பொருள் எவ்வளவு நன்றாக வருகிறதோ, அவ்வளவுக்குத் தப்பான அளவு இறுகிக்கொண்டே போனது.

1966-இல் அடுத்த அலை வந்தது. மாடல் ரயில்வே ஸ்டடி குரூப் என்ற ஒரு குழு, ‘கிட்டத்தட்ட’ என்ற பேச்சே வேண்டாம் என்றது. பாதை 18.83. சக்கரத்தின் தடிமன், விளிம்பின் ஆழம், பாதை பிரியும் இடத்தில் விடும் இடைவெளி எல்லாமே நிஜத்தைச் சுருக்கியதாக இருக்க வேண்டும். அதற்கு ‘புரோட்டோ-ஃபோர்’ என்று பெயர், சுருக்கமாக ‘பி-ஃபோர்’. பொம்மைச் சக்கரத்தின் விளிம்பு ஆழமானது. தண்டவாளம் கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் விளிம்பு பிடித்துக்கொள்ளும். பி-ஃபோர் சக்கரத்தின் விளிம்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் தூக்கினாலே தடம் புரளும். அதனால் ஒரு அச்சை நிலையாக வைத்து, இன்னொன்றை ஊஞ்சல் மாதிரி ஆட விட்டு, நாலு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொடும்படி செய்ய வேண்டியிருந்தது. ஒரு எண்ணைத் திருத்தப் போனவர்கள், அந்த எண்ணைச் சார்ந்திருந்த ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியதாயிற்று. இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா?

மேஜை மேல என்ன நடக்குது

இப்போது வேலையைப் பார்ப்போம். கடையில் வாங்கிய ஒரு டபுள் ஓ கூட்ஸ் வேகன். அதை இ.எம்.முக்கு மாற்ற வேண்டும்.

வேகனைக் கவிழ்த்துப் போடுங்க. இரண்டு அச்சு, நாலு சக்கரம். அச்சின் இரண்டு முனையும் பென்சில் கூர் மாதிரி சீவியிருக்கும். அந்தக் கூர் பக்கச் சட்டத்தில் இருக்கும் குழியில் உட்கார்ந்திருக்கும். சட்டத்தை லேசாக விரித்தால் அச்சு கையில் வந்துவிடும். டபுள் ஓவில் இரண்டு சக்கரங்களின் முதுகுகளுக்கும் இடையில் சுமார் 14.5 மில்லிமீட்டர். இ.எம்.மில் சுமார் 16.5 வேண்டும். அதே நீளமுள்ள அச்சில், சக்கரங்கள் மட்டும் தள்ளி உட்கார்ந்திருக்கும் புது ஜோடியை எடுத்துப் பழைய குழியிலேயே மாட்டினால் போதும். பிரேக் கட்டைகள் இப்போது சக்கரத்துக்கு நேராக இருக்காது. வெட்டி, ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி ஒட்ட வேண்டும். ஒரு அச்சுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

இது ஏன் இவ்வளவு சுலபம்? அச்சோட நீளத்தைக் கவனிங்க. பிரிட்டிஷ் மாடல் வேகன்களில் பரவலாக இருக்கும் அச்சு 26 மில்லிமீட்டர். டபுள் ஓ, இ.எம்., பி-ஃபோர் மூன்றிலும் இதே நீளம் செல்லும். காரணம், வேகனின் உடம்பும் அச்சு உட்காரும் சட்டமும் 4 மில்லிமீட்டர் கணக்கில் சரியான அகலத்திலேயே செய்யப்பட்டவை. தப்பு சக்கரத்தில் மட்டும்தான். சட்டத்துக்குள் காலியிடம் இருந்தது. செய்தவர்கள் அதை மாற்றுவதற்காகவே விட்டார்களோ இல்லையோ, பின்னால் வந்தவருக்கு அது கைகொடுத்தது.

பயணிகள் பெட்டி அடுத்த கட்டம். நாம பேச்சு வழக்குல பெட்டியையே போகின்னு சொல்வோம். உண்மையில் பெட்டிக்கு அடியில் திரும்பக்கூடிய நாலு சக்கரச் சட்டம்தான் போகி. அதன் பக்கங்கள் உள்ளே தடித்திருந்தால் வெளியே தள்ளிய சக்கரம் உரசும். உள்பக்கத்தைச் சுரண்ட வேண்டும்.

நீராவி இன்ஜின்தான் உண்மையான சோதனை. அதன் பெரிய சக்கரங்கள் வெளியே இருக்கும் தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. இடது சக்கரத்தின் ஊசி மேலே இருக்கும்போது வலது சக்கரத்தின் ஊசி கால் சுற்று தள்ளி இருக்க வேண்டும். எல்லா அச்சிலும் அந்தக் கோணம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கழற்றினாலே அந்தக் கோணம் போய்விடும். திரும்பப் பொருத்தும்போது ஒரு அச்சில் கொஞ்சம் பிசகினாலும் இன்ஜின் நொண்டும். சக்கரம் வெளியே போனதால் தண்டுகளுக்கான இடம் குறையும். சக்கரத்தை மூடும் வளைவுத் தகடுகள் இடிக்கும். மின்சாரம் எடுக்கும் கம்பிகள் எட்டாது. வேகனில் பத்து நிமிஷத்தில் முடிந்த வேலை இங்கே சில வாரம் ஆகலாம். புது இன்ஜினைக் கழற்றுவதால் உத்தரவாதமும் போய்விடும்.

நிஜத்தில் மாற்றியவர்கள்

சரி, இதே வேலையை நிஜ ரயிலில் செய்தவர்கள் என்ன செய்தார்கள்?

அதே பிரிட்டன். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. இசாம்பார்ட் புரூனெல் என்ற இன்ஜினியர், மற்றவர்களின் 4 அடி 8½ அங்குலம் போதாது என்று 7 அடி கேஜில் பாதை போட்டார். 1838-இல் முதல் பகுதி திறந்தது. வேகம், வசதி இரண்டிலும் அது நன்றாகவே ஓடியது. ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் வேறு அளவில் இருந்தார்கள். இரண்டு அளவும் சந்திக்கும் ஸ்டேஷனில் சாமான்களை எல்லாம் இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். கடைசியில் பெரும்பான்மை ஜெயித்தது. படிப்படியாக மாற்றிக்கொண்டே வந்து, 1892 மே மாதம் கடைசிப் பகுதிக்கு நாள் குறித்தார்கள்.

மே 20, வெள்ளிக்கிழமை. லண்டனில் இருந்து பென்சான்ஸ் வரை செல்லும் கடைசி அகலப் பாதை ரயில் காலை 10:15-க்குக் கிளம்பியது. அது போன பின் அகலப் பாதை வண்டிகள் எல்லாம் ஸ்விண்டனுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை நிறுத்தவே அங்கே பல மைல் நீளத்துக்குத் தற்காலிகப் பாதை போட்டிருந்தார்கள். எக்ஸெட்டருக்கு மேற்கே சுமார் 170 மைல். 4,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஒரு பக்கத் தண்டவாளத்தை உள்ளே நகர்த்தி முடித்தார்கள். திங்கட்கிழமை ரயில் ஓடியது.

ரெண்டு நாள் மேஜிக் மாதிரி தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளுக்கான வேலை பல வருஷத்துக்கு முன்னாடியே தொடங்கிவிட்டது. கடைசி வருஷங்களில் அவர்கள் கட்டிய இன்ஜின்கள் பல, மாற்றுவதற்கு என்றே வடிவமைக்கப்பட்டவை. சக்கரங்கள் சட்டத்துக்கு வெளியே இருக்கும். நாள் வந்ததும் சட்டத்துக்கு உள்ளே மாற்றிக்கொள்ளலாம். பெட்டிகளிலும் அதே யோசனை. உடம்பை முன்கூட்டியே ஒல்லியாகக் கட்டி, அகலமான போகி மேல் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். நாளை எப்படியும் மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு, இன்றைக்குக் கட்டுவதில் அதற்கு இடம் விட்டார்கள்.

இது ஒரே நிறுவனம், அதனால் முடிந்தது என்று நினைக்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல நிறுவனங்கள் சேர்ந்து இதைச் செய்தன. 1886 மே 31, ஜூன் 1. 11,000 மைலுக்கும் அதிகமான பாதை. 5 அடியில் இருந்து ஒரு தண்டவாளத்தை 3 அங்குலம் உள்ளே தள்ளினார்கள். புதிய இடத்தில் ஆணிகளை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். பல முதலாளிகள், ஒரே தேதி.

இரண்டிலும் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அகலத்தில் இருந்து குறுகலுக்குப் போனார்கள். அகலமான கட்டை, அகலமான பாலம் ஏற்கெனவே இருந்தன. எதிர்த் திசையில் போவது எவ்வளவு கஷ்டம் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய ரயில்வேயின் ஒரே கேஜ் திட்டம் 1992-இல் தொடங்கியது. மீட்டர் கேஜை 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக்க வேண்டும். கரையை அகலப்படுத்தணும், பாலத்தை மறுபடி கட்டணும், வளைவைத் திருத்தணும். மதுரையில் இருந்து போடிக்கு ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடி வரை வந்தது 2023 ஜூன். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல். அந்தப் பாதையைப் போட்ட காலத்தில், பிறகு அகலமாக்க வேண்டியிருக்கும் என்று யாரும் இடம் விட்டு வைக்கவில்லை.

நம்ம முறை

இப்போது மாடலுக்குத் திரும்புவோம். பிங் நிறுவனத்தின் மேஜை ரயில் வந்தது 1922. சரியாக நூறு வருஷம் கழித்து, 2022-இல் ஹார்ன்பி ‘டி.டி. 120’ என்ற புது வரிசையை அறிவித்தது. 120-இல் ஒரு பங்கு, 12 மில்லிமீட்டர் பாதை. 1435-ஐ 120-ஆல் வகுத்தால் 11.96. பொருந்துகிறது. பிரிட்டிஷ் ரயில், சரியான அகலப் பாதை, கடையில் ரெடிமேடாக. டபுள் ஓவை அவர்கள் திருத்தவில்லை. அது அப்படியே விற்றுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் புதுசாக ஒன்றை ஆரம்பித்தார்கள்.

இந்திய ரயில் மாடல்களுக்கு வருவோம். இவை பெரும்பாலும் எச்.ஓ. அளவில் வருகின்றன, ஓடுவது 16.5 மில்லிமீட்டர் பாதையில். உலகம் முழுக்கக் கிடைக்கும் பாதை, சக்கரம், மோட்டார் எல்லாம் அதற்குத்தானே இருக்கிறது. ஆனால் நம்முடைய அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். எச்.ஓ.வில் அது 19.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 2.75 மில்லிமீட்டர் குறைகிறது. பிரிட்டிஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட வித்தியாசம் சுமார் 12 சதவீதம். நம்முடையது 14 சதவீதம். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பெட்டியின் மாடலை நேர் எதிரே வைத்துப் பாருங்க. எக்மோர் பிளாட்பாரத்தில் அகலமாகக் கால் பரப்பி நிற்கிற அந்த உடம்பு, மாடலில் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கும்.

எல்லாரும் 19.25-க்கு மாறுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால் பாதை, பாயிண்ட், சக்கரம் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். முதல் மாடல் ஓடுவதற்கு முன்பே பாதிப் பேர் பொழுதுபோக்கை விட்டுவிடுவார்கள். ஓடாத சரியான ரயிலை விட ஓடுகிற தப்பான ரயில் மேல். டபுள் ஓ இல்லாவிட்டால் இ.எம்.மும் வந்திருக்காது. திருத்துவதற்கு வேகனே கிடைத்திருக்காது.

என் ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்திய மாடல்களை இப்போது வடிவமைக்கிறவர்கள், 3டி பிரிண்டரில் போகி செய்கிற மாணவர்கள் உட்பட, அச்சு உட்காரும் சட்டங்களை நிஜ அகலத்தின்படியே வைக்க வேண்டும். சக்கரம் 16.5-இல் இருக்கட்டும், பரவாயில்லை. உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் காலி விட்டால் போதும். இருபது வருஷம் கழித்து யாராவது ஒருத்தர் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து, சட்டத்தை விரித்து, புது அச்சை மாட்டிப் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொள்வார். இடம் விடாவிட்டால் அவர் போகியையே தூக்கிப் போட வேண்டும். இந்திய மாடல்கள் இன்னும் கொஞ்சம் வீடுகளில்தான் இருக்கின்றன. இதை முடிவு செய்ய இப்போது ஆகும் செலவு, பிறகு எப்போதும் ஆகப்போவதைவிடக் குறைவு.

பென்டன் அருங்காட்சியகத்தில் இன்னொரு மாடலும் இருக்கிறது. ஜான் அஹெர்ன் என்பவர் கட்டிய ‘மேடர் வேலி’. 1930களின் கடைசியில் தொடங்கியது. 16.5 மில்லிமீட்டர் பாதை, தப்பான அளவு. சரியான அளவுக்காக அவ்வளவு பாடுபட்ட அந்த அருங்காட்சியகம்தான் அதையும் வாங்கிப் பத்திரமாக வைத்து, பராமரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் அதன் சக்கரத்தைப் பிடுங்கி மாற்றவில்லை.

அடுத்த தடவை எக்மோரிலோ சென்ட்ரலிலோ ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பிளாட்பாரத்தோட கோடியில நின்னு, வர்ற இன்ஜினை நேருக்கு நேர் பாருங்க. சக்கரங்கள் எவ்வளவு தள்ளி நிற்குதுன்னு மட்டும் கவனிங்க. மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நின்னுதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.